கண்காணா ஒளியைக் கண்டவர்

தருமபுரி மாவட்டம் மலைவளம் மிக்கது. கிழக்கே சித்தேரி மலை நீண்டு கிடக்கிறது. தருமபுரி நகருக்கு அண்மையில் வத்தல்மலை ஓங்கி நிற்கிறது. மேற்கே பென்னாகரத்தைக் கடந்தால், காடும் குன்றும் காவிரியாற்றின் ஒகேனக்கல் அருவி வரையில் தொடர்கின்றன. இம்மலைகளின்மேல் சிற்றூர்கள் பல உள்ளன. அவற்றுள் சிலவற்றிற்குச் செல்லும் வழி மிகக் கரடுமுரடானது. பென்னாகரத்தை அடுத்த கோட்டூர் மலைக்கு, 2021ஆம் ஆண்டுத் தேர்தலின்போது, வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதைகளின் முதுகில் ஏற்றிச் செல்லப்பட்டன. கழுதை ஏறும் பாதையில் கம்பம் நட்டுக் கம்பி இழுப்பது எத்துணை அரிய செயல் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அத்தகைய மலையூரில் நள்ளிரவில் ஒருவரைப் பாம்பு தீண்டிவிட்டது என்று கொள்வோம். மனிதர் மலையிறங்க மணிக்கணக்காகும். ஆனால், செய்தி மட்டும் நொடிப்பொழுதில் இறங்கிவிடுமாயின், மருத்துவ ஊர்தி அடிவாரத்தில் வந்து காத்திருக்கும். செய்தி செல்லவும் கம்பி இல்லை. கருவிக்கு மின்சாரம் வரவும் கம்பி இல்லை. அங்ஙனமாயின் செய்தி எவ்வாறு செல்லும்?

இன்று அதற்கு வழி உண்டு. குன்றின் உச்சியில் ஒரு கம்பம் நடுகிறார்கள். அதன்மேல் ஞாயிற்றின் ஒளியை மின்சாரமாக மாற்றும் தகட்டினைப் பொருத்துகிறார்கள். அடியில் பேட்டரி என்று நாம் வழங்கும் சேமக்கலத்தை வைக்கிறார்கள். நடுவே கம்பியில்லாக் கருவி அமைகிறது. பகலில் பெற்ற ஒளியைக் கொண்டு அக்கருவி இரவெல்லாம் பேசுகிறது. இந்த விந்தைக்கு அடிகோலிய அறிஞர்களுள் ஒருவர் நம் நாட்டவர். அவர்தாம் ஜகதீச சந்திர போஸ்.

பிறப்பும் கல்வியும்

போஸ் 1858ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30ஆம் நாள் வங்காளத்தில் மைமன்சிங் என்னும் ஊரில் பிறந்தார். அவ்வூர் இன்று வங்காளதேசத்தில் உள்ளது. தந்தையார் பகவான் சந்திர போஸ் அரசாங்கத்தில் உயர்ந்த அலுவல் பார்த்தவர். அக்காலத்தில் அத்தகைய அலுவலர்கள் தங்கள் மக்களை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதையே பெருமையாகக் கருதினர். பகவான் சந்திரரோ தம் மகனைத் தாய்மொழிப் பள்ளிக்கே முதலில் அனுப்பினார். தாய்மொழியையும் தம் மக்களையும் அறிந்த பிறகே பிறமொழி கற்றல் வேண்டும் என்பது அவர் கருத்து.

அப்பள்ளியில் ஒரு பக்கத்தில் ஏவலாளர் ஒருவரின் மகனும், மற்றொரு பக்கத்தில் மீனவர் ஒருவரின் மகனும் போஸுடன் அமர்ந்து பயின்றனர். அவர்கள் சொன்ன பறவை, விலங்கு, நீர்வாழ் உயிர் ஆகியவற்றின் கதைகளைச் சிறுவர் போஸ் வியப்போடு கேட்டார். இயற்கையை ஆராயும் வேட்கை தம் உள்ளத்தில் முளைத்தது அப்போதுதான் என்று பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்தார்.

பின்னர் அவர் இன்றைய கொல்கத்தாவாகிய கல்கத்தாவில் தூய சேவியர் கல்லூரியில் பயின்றார். அங்கு லாஃபோன் என்னும் பாதிரியார் இயற்பியலைச் செய்து காட்டிக் கற்பிப்பதில் வல்லவராக விளங்கினார். 1880ஆம் ஆண்டில் போஸ் மருத்துவம் பயில இங்கிலாந்துக்குச் சென்றார். ஆனால், அவரை விடாது பற்றியிருந்த காய்ச்சல் அப்படிப்பைத் தொடர இடம் தரவில்லை. ஆதலால் அவர் கேம்பிரிட்ஜ் சென்று இயற்கை அறிவியல் கற்றார். இராலே பிரபு போன்ற பேரறிஞர்கள் அவருக்கு ஆசிரியராக வாய்த்தனர். 1884ஆம் ஆண்டில் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டில் அவர் தாயகம் திரும்பினார்.

ஊதியம் பெறாத மூன்றாண்டுகள்

1885ஆம் ஆண்டில் போஸ் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக அமர்ந்தார். அந்நாளில் ஆங்கிலேயர் பெற்ற ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்கே இந்தியருக்குத் தரப்பட்டது. போஸின் பதவி நிலையானதன்று என்று கூறி, அதிலும் பாதியே தர முன்வந்தனர். ஒரே கல்லூரி; ஒரே வேலை; அவ்வாறிருந்தும் ஆங்கிலேயர் மூன்று பங்கு பெறும் இடத்தில் இவருக்கு ஒரு பங்கு!

போஸ் வழக்காடவில்லை, வேலையைத் துறக்கவுமில்லை. நாள்தோறும் கல்லூரிக்குச் சென்று தம் கடமையைச் செவ்வனே செய்தார். ஆனால், தமக்கென அளந்த குறைந்த ஊதியத்தைக் கையால் தொடவும் மறுத்துவிட்டார். ஒருநாள், இருநாள் அன்று. மூன்று ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. அப்போது அவர் வீட்டில் செல்வம் செழித்திருக்கவில்லை. தந்தையார் பொதுநலம் கருதித் தொடங்கிய தொழில்கள் நொடித்துப் பெருங்கடன் சூழ்ந்திருந்தது. எனினும், போஸ் தம் உறுதியில் தளரவில்லை.

அவ்வறுமைக் காலத்திலேயே, 1887ஆம் ஆண்டில், அபலா அம்மையார் அவருக்கு வாழ்க்கைத் துணைவியாக வாய்த்தார். அம்மையார் அதற்குமுன் நம் சென்னைக்கு வந்து மருத்துவம் பயின்றவர். செலவைக் குறைக்க எண்ணி, இருவரும் ஊக்ளி ஆற்றின் மறுகரையில் குடியிருந்தனர். கல்லூரிக்குச் செல்லும் கணவர் படகைத் தாமே செலுத்தி ஆற்றைக் கடப்பார். அம்மையார் அப்படகை மீண்டும் ஓட்டி வீடு சேர்வார்.

இறுதியில் அறம் வென்றது. போஸின் கற்பிக்கும் திறனையும் மன உறுதியையும் கண்ட அரசாங்கத்தார், முழு ஊதியத்தையும் முதல் நாளிலிருந்தே கணக்கிட்டுத் தந்தனர். அத்தொகையைக் கொண்டு அவர் தந்தையாரின் கடனைத் தீர்க்கலானார்.

கண்காணா ஒளி

ஒளி என்பது மின்சாரமும் காந்தமும் இணைந்த அலையே என்று மாக்ஸ்வெல் என்னும் அறிஞர் கணக்கினால் காட்டியிருந்தார். கண்ணுக்குப் புலனாகாத அத்தகைய அலைகளை ஹெர்ட்ஸ் என்னும் செருமானிய அறிஞர் 1887, 1888ஆம் ஆண்டுகளில் ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கினார். ஆனால், அவ்வலைகள் நீளமானவை. அவை ஒளியைப் போலவே நடந்துகொள்கின்றனவா என்று நுட்பமாக ஆராய்வதற்குப் பெரிய பெரிய கருவிகள் தேவைப்பட்டன.

1894ஆம் ஆண்டில், தம் பிறந்த நாளன்று, இனி வாழ்நாளை ஆராய்ச்சிக்கே ஈடுபடுத்துவது என்று போஸ் உறுதி பூண்டார். அவருக்கு நல்லதோர் ஆய்வுக்கூடம் இல்லை. கல்லூரியில் ஒதுக்குப்புறமான ஒரு சிற்றறையே கிடைத்தது. ஆராய்ச்சிக்குத் தனியே நேரமும் இல்லை. பாடம் நடத்திய பின் எஞ்சிய பொழுதே கிடைத்தது. கருவி செய்து தர மேனாட்டுத் தொழிலகமும் இல்லை. தகரவேலை தெரிந்த நம் நாட்டுத் தொழிலாளர் ஒருவரே கிடைத்தார். இவற்றைக் கொண்டே போஸ், உலகம் அதுவரை கண்டிராத சிற்றலைகளை உண்டாக்கினார். அவற்றின் நீளம் 5 மில்லிமீட்டர் அளவுக்கும் குறுகியது. நெல்மணி ஒன்றின் நீளத்தினும் குறைவு!

அலை குறுகியதும் கருவியும் குறுகியது. அலையை எழுப்பும் சுருளையும், அதற்கு மின்சாரம் தரும் சிறிய சேமக்கலத்தையும் ஒரே தகரப் பெட்டிக்குள் அவர் அடக்கினார். அலைகளை ஒருமுகப்படுத்தி அனுப்ப உலோகக் குழாயைப் பயன்படுத்தினார். ஏற்கும் முனையில் அவற்றைத் திரட்ட, புனல் வடிவான வாய் ஒன்றை அமைத்தார். இன்றைய கம்பியில்லாப் பொறியாளர் கையாளும் கொம்பு வடிவ அலைவாங்கி அதன் வழிவந்ததே.

கையில் கிடைத்ததைக் கொண்டு கருத்தை முடிப்பதில் போஸ் வல்லவர். ஒளியலைகள் ஒரு தளத்தில் மட்டும் அதிரும்படி செய்யப் படிகங்கள் பயன்படும். மின்னலைகளுக்கு அவ்வேலையைச் செய்ய, இரயில்வண்டிக் கால அட்டவணைப் புத்தகம் ஒன்றை எடுத்து, அதன் தாள்களுக்கிடையே வெள்ளீயத் தகடுகளைச் செருகினார். அதுவே கருவியாயிற்று! வங்காளத்தில் விளையும் சணலை முறுக்கிக் கட்டி, அது மின்னலையின் அதிர்வுத் தளத்தைத் திருப்புவதையும் காட்டினார்.

1895ஆம் ஆண்டளவில் கல்கத்தா நகர மண்டபத்தில் அறிஞர் பலர் கூடியிருந்தனர். ஓரிடத்தில் போஸ் அலையை எழுப்பினார். அது சுவர்களை ஊடுருவிச் சென்றது. நடுவில் அமர்ந்திருந்த ஆளுநரின் உடலையும் கடந்தது. சுமார் 75 அடிக்கு அப்பால் இருந்த மணியை ஒலிக்கச் செய்தது. வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தது. இடையே கம்பி ஏதும் இல்லாததைக் கண்டு கூடியிருந்தோர் வியந்தனர். 1897ஆம் ஆண்டு சனவரியில் இலண்டன் அரசக் கல்வி நிலையத்தில் போஸ் தம் ஆராய்ச்சிகளைச் செய்து காட்டினார். மேனாட்டு அறிஞர் அவரைப் பாராட்டினர்.

இரண்டையும் உணர்ந்த கல்

அலையை எழுப்புவதினும் அதனை உணர்வது கடினம். அதற்கேற்ற பொருளைத் தேடி, போஸ் உலோகங்களையும் கனிமங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சோதித்தார். கலீனா என்பது ஈயமும் கந்தகமும் சேர்ந்த ஒரு கனிமம். ஈயம் எடுப்பதற்கு உதவும் அக்கல்லின்மேல் கூரிய முனை ஒன்றைத் தொடுமாறு வைத்தபோது, அது கம்பியில்லா மின்னலைகளை உணர்ந்தது. அவ்வளவன்று, அதன்மேல் ஒளியை வீழ்த்தியபோது அதனையும் உணர்ந்தது! நம் கண் ஒளியை மட்டுமே காணும்; இக்கல்லோ நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தெரியாத ஒளியையும் ஒருங்கே உணர்ந்தது. ஆதலின் அதனைச் செயற்கை விழி எனப் போஸ் கருதினார்.

இக்கல் மின்சாரத்தை நன்கு கடத்துவதும் அன்று, கடத்தாததும் அன்று. இத்தகைய பொருள்களை இன்று குறைகடத்திகள் என்கிறோம். இவ்வினத்தைச் சேர்ந்த சிலிக்கனைக் கொண்டே, 1954ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டின் பெல் ஆய்வுக்கூடத்தில் பயன்தரத்தக்க சூரிய மின்கலத்தைச் செய்தனர். போஸ் சூரிய மின்தகட்டைச் செய்தார் என்று கூறுவது பொருந்தாது. ஒளியை உணர்வது வேறு. ஒளியிலிருந்து பயன்படும் அளவுக்கு மின்சாரம் எடுப்பது வேறு. ஆயினும், இத்தகைய பொருள்களின் ஆற்றலை உலகம் நன்கு உணராத நாளிலேயே, ஒளியும் கம்பியில்லா அலையும் ஒரே கல்லில் வந்து கூடுவதை அவர் கண்டு காட்டினார்.

பொருளினும் பெரிது

புதியது கண்டவர் அதனைப் பிறர் தம் இசைவின்றிச் செய்து விற்காதபடி, அரசாங்கத்தாரிடம் காப்புரிமை பெறலாம். 1901ஆம் ஆண்டில் போஸ் இலண்டனில் இருந்தபோது, தந்தித் தொழில் நடத்திய பெருஞ்செல்வர் ஒருவர் அவரை நாடி வந்தார். காப்புரிமை பெறுமாறும், வரும் ஊதியத்தில் பங்கு தருவதாகவும் அவர் வேண்டினார். போஸ் இணங்கவில்லை. அறிவு எல்லோர்க்கும் பொதுவாதல் வேண்டும் என்பது அவர் கொள்கை.

நண்பர்கள் வற்புறுத்தியதால், கலீனாக் கருவிக்கு மட்டும் அவ்வாண்டில் அமெரிக்காவில் விண்ணப்பம் செய்யப்பட்டது. 1904ஆம் ஆண்டில் காப்புரிமையும் கிடைத்தது. ஆனால், அதனைக் கொண்டு பொருள் ஈட்ட அவர் முயலவில்லை. ஊதியத்திற்காக மூன்றாண்டு போராடிய அவர், பணத்தை விரும்பியா போராடினார்? இல்லை. தாழ்வாக அளந்த பணத்தை மறுத்ததும் தன்மானத்திற்காகவே. குவிந்து வந்த பணத்தை மறுத்ததும் அறிவின் மானத்திற்காகவே.

கம்பியில்லாத் தந்தியைத் தொழிலாக வளர்த்து, கடல் கடந்தும் செய்தி அனுப்பிக் காட்டியவர் மார்க்கோனி. 1901ஆம் ஆண்டு டிசம்பரில் அட்லாண்டிக் கடலைக் கடந்த செய்தியை ஏற்கப் பாதரசத்தாலான உணர்கருவி ஒன்று பயன்பட்டது. இரும்பும் பாதரசமும் கொண்ட அத்தகைய கருவியைப் போஸ் 1899ஆம் ஆண்டிலேயே அறிஞர் அவையில் விளக்கியிருந்தார் என்பதைப் பிற்கால ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். மார்க்கோனியின் உழைப்பும் பெரிது. அதனை நாம் குறைத்துக் கூறலாகாது. ஆயினும், போஸின் பெயர் கம்பியில்லாக் கலையின் வரலாற்றில் நெடுங்காலம் மங்கியே இருந்தது. 2012ஆம் ஆண்டில் உலக மின் பொறியாளர் கழகம், அவர் கல்கத்தாவில் செய்த ஆராய்ச்சியை வரலாற்று மைல்கல் என அறிவித்துப் பெருமை செய்தது.

பின்னாளில் போஸ் தாவரங்களின் உணர்ச்சியை ஆராய்வதில் ஈடுபட்டார். செடியின் வளர்ச்சியைப் பல்லாயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கருவியை அமைத்தார். 1917ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். 1920ஆம் ஆண்டில் இலண்டன் அரசக் கழகத்தின் உறுப்பினரானார். 1937ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் கிரிதி என்னும் ஊரில் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

மலையுச்சியில் அவர் விதைத்த விதை

இனி, நாம் முன்னர்க் கண்ட மலையுச்சிக் கம்பத்திற்குத் திரும்புவோம். குறுகிய அலைகள் ஒளியைப் போல நேராகச் செல்லும் இயல்பின என்பதைப் போஸின் ஆராய்ச்சிகள் தெளிவாகக் காட்டின. கணினிகளை இணைக்கும் வைஃபை அலைகளின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டரும் 6 சென்டிமீட்டருமாகும். அவையும் குன்றை ஊடுருவா. ஆதலால், ஒரு நிலையம் மற்றொரு நிலையத்தை நேருக்கு நேர் காணுமாறு உயர்ந்த இடத்தில் நிற்றல் வேண்டும். உயர்ந்த இடத்திலோ மின்கம்பி இராது. ஒளிபோல் செல்லும் அலைக்கு ஒளியே உணவூட்ட வேண்டியதாகிறது.

ஒரு கருவி 10 வாட் மின்னாற்றலில் இயங்குவதாகக் கொள்வோம். ஒரு நாளைக்கு, அதாவது 24 மணி நேரத்திற்கு, அதற்கு 240 வாட்மணி தேவை. நம் நாட்டுத் தெளிந்த வெயிலில், 100 வாட் தகடு ஒன்று முழு ஆற்றலுடன் ஐந்து மணி நேரம் உழைத்ததற்கு ஈடான மின்சாரத்தைத் தரும். அது சுமார் 500 வாட்மணி. இடையில் ஓரளவு வீணானாலும், எஞ்சுவது அன்றைய தேவைக்கும் போதும், சேமிப்புக்கும் உதவும். ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் மலையை மேகம் மூடும்போது என் செய்வது? 12 வோல்ட்டு, 100 ஆம்பியர்மணி கொண்ட ஈயச் சேமக்கலத்தில் 1,200 வாட்மணி அடங்கும். கலம் நெடுநாள் உழைக்க வேண்டுமாயின், அதில் பாதியையே எடுத்தல் நன்று. அந்த 600 வாட்மணி, வெயிலே இல்லாவிடினும் இரண்டரை நாள் கருவியைக் காக்கும். நல்ல நாளில் சேமித்து அல்லல் நாளில் அளவாகச் செலவிடும் இல்லறத்தாரின் முறையே இங்கும் அமைந்துள்ளது.

தீப்பற்றிய வீட்டை அணைக்க ஊரார் நின்று நீர்க்குடங்களைக் கைமாற்றுவதைக் கண்டிருப்பீர்கள். ஒருவர் களைத்து விலகினால், பக்கத்தில் நிற்பவர் கை நீட்டுகிறார்; குடம் நிற்பதில்லை. நிலையங்கள் பல வலையின் கண்ணிகள் போல ஒன்றோடொன்று பேசும்படி அமைப்பதும் இவ்வாறே. ஒரு நிலையம் ஓய்ந்தாலும் செய்தி மற்றொரு வழியே சென்றுவிடும். 2005ஆம் ஆண்டில், இமயமலைச் சாரலில் உள்ள தருமசாலாவில் இத்தகைய கம்பியில்லா வலையமைப்பு ஒன்று தோன்றியது. அங்குள்ள குன்றுகளின்மேல் ஞாயிற்றொளியால் இயங்கும் நிலையங்களும் நிறுவப்பட்டன. நம் தமிழ்நாட்டிலும், தேனியில், அரவிந்த் கண் மருத்துவமனையார் 2006ஆம் ஆண்டளவில் நெடுந்தொலைவுக் கம்பியில்லா இணைப்புகளைப் பயன்படுத்தினர். சிற்றூரில் இருக்கும் நோயாளியின் கண்ணை நகரில் இருந்தவாறே மருத்துவர் பார்த்து அறிவுரை கூற அவை உதவின.

மாணவர்களே! நல்ல ஆய்வுக்கூடம் இல்லையே என்று போஸ் சோர்ந்திருந்தால், தகரப் பெட்டியும் சணல் முறுக்கும் கால அட்டவணைப் புத்தகமும் உலகிற்குப் புதுமை காட்டியிருக்குமா? கண்டதைத் தமக்கே உரியதென்று பூட்டி வைக்கவும் அவர் விரும்பவில்லை. தருமபுரியின் மலைகளிலும் வெயில் உண்டு. உயர்ந்த குன்றுகள் உண்டு. கற்கும் ஆர்வம் கொண்ட இளைஞர்களும் உண்டு. கையில் இருப்பதைக் கொண்டு தொடங்குதல், தன்மானம் குன்றாதிருத்தல், கண்டதை எல்லோர்க்கும் வழங்குதல் ஆகிய மூன்றையும் அப்பெருந்தகையின் வாழ்விலிருந்து நாம் கற்போமாக. எட்டாத மலையூருக்கும் அறிவின் ஒளியை எட்டச் செய்வோமாக.